பெகுவில் கடை வைத்த ஐயாவும், நம் தெருவுக்கு வந்த வடக்கத்திப் பிள்ளைகளும்

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் ஐயா (அப்பாவைப் பெற்றவர்) பர்மாவில் பெகுவில் லேவாதேவிக் கடை (வட்டிக்குக் கடன் கொடுக்கும் கடை) வைத்திருந்தவர். 1942-ல் மலைவழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். நிலமெல்லாம் அங்கேயே போயிற்று. "உழைச்சுச் சேர்த்ததை பர்மாக்காரன் பிடுங்கிக்கிட்டான்" என்றே எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். கல்லூரியில் படிக்கும் என் மகள் "நம்ம மேல அவங்களுக்கு ஏன்ப்பா அவ்வளவு கோபம்?" என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது எங்கள் ஊரில் கட்டட வேலைக்கும் அரிசி ஆலைக்கும் ஹோட்டல் சமையலுக்கும் பீகார், ஒடிசா, வங்காளம் என்று அறுபது எழுபது பேர் வந்து தங்கியிருக்கிறார்கள். போன மாதம் மதுக்கடை வாசலில் ஓர் அடிதடி. மறுநாளே பிள்ளை பிடிப்பதாக ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. இனி அவர்களுக்கு வீடு விடக் கூடாது என்கிறார்கள் சிலர். எல்லாருடைய ஆதார் நகலையும் வாங்கிச் சங்கத்துக் குழுவில் போட்டு வைக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். ஒரு சமபந்தி விருந்து வைத்தால் சரியாகுமா என்று நான் நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: மகள் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்தால் வாடகை வீட்டுக் கேள்விக்கும் பாதி விடை வந்துவிடும்.

1852 போரில் கீழ்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் அந்த நாட்டு அரிசிக்கு ஐரோப்பாவில் பெரிய சந்தை உண்டாயிற்று. ஐராவதி வடிநிலத்தின் சதுப்புக் காட்டை வெட்டி வயலாக்க பர்மிய விவசாயிக்குக் கைமுதல் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் அவனுக்குக் கடன் கொடுப்பதில்லை. அந்த இடத்தில்தான் நம் செட்டிநாட்டுச் செட்டியார்களின் லேவாதேவிக் கடைகள் நின்றன. உள்ளூர் வட்டிக்காரர்களைவிட நம்மவர் வட்டி பொதுவாகக் குறைவு, கணக்கும் சுத்தம். பர்மாவின் நெல் உற்பத்தி வளர்ந்ததில் செட்டிநாட்டு முதலுக்குப் பெரிய பங்கு உண்டு. இதை உங்கள் மகளிடம் தலை நிமிர்ந்தே சொல்லலாம்.

அத்தனை காலமும் மொழி வேறு, மதம் வேறு, உடை வேறு, சாப்பாடு வேறு. ஆனாலும் பர்மியருக்கும் இந்தியருக்கும் இடையே பெரிய கலவரம் என்று வெடித்தது 1930-ல்தான். வேற்றுமைதான் காரணம் என்றால் அது 1900-லேயே வெடித்திருக்க வேண்டும். ஆகவே எந்த மோதலைப் பார்த்தாலும், "இவர்கள் எப்படி வேறுபட்டவர்கள்?" என்று கேட்காமல், "நேற்று இல்லாதது இன்று என்ன வந்தது?" என்று கேளுங்கள். மோதலை விசாரிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

1930-ல் வந்தது உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவனால் வட்டி கட்ட முடியவில்லை. நிலம் வேண்டும் என்று கடை வைத்தவர்கள் அல்ல நம்மவர்கள். அவர்களுக்கு வேண்டியது திரும்பி வரும் ரொக்கம். ஆனால் ஈடு வைத்த நிலம்தான் வந்தது. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார் கடைகளின் பெயரில் இருந்தது ஏறத்தாழ 5,70,000 ஏக்கர், மொத்தத்தில் 6 சதவீதம். 1937-ல் அது 24,46,000 ஏக்கர், 25 சதவீதம். ஏழே வருடத்தில் 6 சதவீதமாக இருந்தது கால்வாசியாகிவிட்டது. ஐயா பக்கத்துக் கணக்கில் அது வராக் கடனுக்கு வந்த ஈடு. ஏர் பிடித்தவன் பார்வையில், அப்பன் காடு வெட்டித் திருத்திய வயல் வெளியூர்க்காரன் பெயருக்குப் போய்விட்டது. இரண்டுமே உண்மை.

ஆபத்து எங்கே இருந்தது என்று பாருங்கள். கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே இனம் இல்லை, வாங்கியவர்களும் எல்லாரும் ஒரே இனம் இல்லை என்று இருந்திருந்தால், அது கடன்காரனுக்கும் கடன் கொடுத்தவனுக்கும் நடந்த வழக்காக நீதிமன்றத்தோடு நின்றிருக்கும். பர்மாவில் தொழில் கோடும் இனக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஏற்றுமதிக் கம்பெனி ஆங்கிலேயருடையது. துறைமுகக் கூலி தெலுங்கர். கடன் தமிழர் கையில். வயல் மட்டும் பர்மியருக்கு. 1931 கணக்குப்படி ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். சொந்த நாட்டுத் தலைநகரிலேயே பர்மியர் சிறுபான்மை. இப்படி இருக்கும் இடத்தில் ஒருவன்மேல் வரும் கோபம் அவன் கூட்டத்தின்மேல் திரும்ப ஒரு நொடி போதும்.

அந்த நொடி எப்படி வந்தது என்பதை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊருக்கு நேராகப் பொருந்துவது இதுதான். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிகள் அவர்களுக்குப் பதில் பர்மியரை இறக்கின. பிறகு சமரசம் ஏற்பட்டதும் பழைய ஆட்களை அழைத்துக்கொண்டு பர்மியரைத் திருப்பி அனுப்பின. மே 26 அன்று அங்கேயே அடிதடி தொடங்கி, நகரம் முழுக்கப் பரவியது. அடித்துக்கொண்ட இரண்டு பக்கமும் அன்றாடங்காய்ச்சிகள். இரண்டு பேரின் கூலியையும் தீர்மானித்தவர்கள்மேல் ஒரு கல்கூட விழவில்லை.

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன். மதுக்கடை வாசலில் நடந்ததை விசாரிக்கும்போது, அன்று யார் முதலில் கை வைத்தது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கடந்த ஆறு மாதத்தில் ஊர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் மாதத்தில் எத்தனை நாள் வேலை குறைந்தது என்று கேளுங்கள். வந்தவர்களுக்கு மேஸ்திரி கையில் கொடுப்பது எவ்வளவு, வீட்டுக்காரரிடம் வாங்குவது எவ்வளவு என்று கேளுங்கள். பல இடங்களில் வெளியூர் ஆளுக்குக் குறைந்த கூலி, நீண்ட நேரம். அதைக் காட்டியே உள்ளூர் ஆளின் கூலியையும் ஏற விடுவதில்லை. இடையில் நிற்கும் ஒப்பந்தக்காரருக்கு லாபம். வேலை இழந்த கொத்தனாருக்கோ எதிரில் தெரிவது அந்த வடக்கத்திப் பையன் மட்டும்தான். சனிக்கிழமை கூலி கைக்கு வந்த ராத்திரி, மதுக்கடை வாசலில் அது வெடிக்கிறது. சம வேலைக்குச் சம கூலி என்று ஒப்பந்தக்காரரை உட்கார வைத்துப் பேசி முடிப்பது, பத்து நல்லிணக்கக் கூட்டத்துக்குச் சமம்.

அடிதடி வழக்கை மட்டும் ஊருக்குள் பேசித் தீர்க்க வேண்டாம். காயம் பட்டிருந்தால் காவல் நிலையம்தான். கட்டப்பஞ்சாயத்தில் வெளியூர்க்காரனுக்கு அபராதம் போட்டால் அவன் வாய் திறக்க மாட்டான், ஆனால் அவன் தங்கியிருக்கும் அறையில் உள்ள எட்டுப் பேரும் அதை மறக்க மாட்டார்கள். உள்ளூர்க்காரனுக்குப் போட்டால் "வந்தவனுக்காக நம்மாளைத் தண்டித்தார்கள்" என்று ஆகும். அடித்தவர் பெயரில் வழக்கு என்றால் அது அந்த ஒருவரோடு முடிந்துவிடும்.

ஆதார் நகலைக் குழுவில் போடும் யோசனையை இன்றே நிறுத்துங்கள். நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1983 ஜூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் தமிழர் வீடுகளை வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடிப் போயின. பெயரும் கதவு எண்ணும் தயாராக இருந்தன. ருவாண்டாவில் பெல்ஜிய ஆட்சி 1930-களில் அடையாள அட்டையில் இனத்தைப் பதித்தது. 1994-ல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் கொன்றார்கள். பட்டியல் எடுக்கிறவர் நல்ல எண்ணத்தில்தான் எடுக்கிறார். அது பின்னால் யார் கைக்குப் போகும் என்பது அவர் வசத்தில் இல்லை. நகலை வைத்து மோசடிக் கடனோ சிம் கார்டோ எடுக்கவும் வழி இருக்கிறது.

விவரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்காரர் தம் வாடகைதாரரின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கட்டும். ஒப்பந்தக்காரர் தொழிலாளர் துறையில் பதியட்டும். சங்கத்திடம் ஒவ்வோர் அறைக்கும் ஒரு பொறுப்பாளரின் பெயரும் கைபேசி எண்ணும் இருந்தால் போதும். அதுவும் உங்கள் நோட்டில் இருக்கட்டும், குழுவில் வேண்டாம். இன்னொன்று: தமிழ்க் குடும்பமானாலும் வடக்கத்திக் குடும்பமானாலும் எல்லா வாடகைதாரரிடமும் ஒரே விவரம் கேளுங்கள். ஒரு கூட்டத்துக்கு மட்டும் தனி விதி எழுதினால், அந்த விதியே "இவர்கள் ஆபத்தானவர்கள்" என்று ஊருக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். இலங்கையில் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி ஆனது. 1957-ல் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்த உடன்படிக்கை மறு வருடமே கிழிக்கப்பட்டது, அந்த 1958-லேயே பெரிய வன்முறை. அண்டை வீட்டார் பகையாளி ஆவதற்கு முன்னால், யார் முழுக் குடிமகன், யார் அரைக் குடிமகன் என்று சட்டம் பிரித்துக் காட்டியிருந்தது.

பிள்ளை பிடிக்கும் வீடியோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2018-ல் இந்தியா முழுக்கச் சுற்றிய அப்படிப்பட்ட ஒரு வீடியோ, கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படத்தின் துண்டு. குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் பரப்பினார்கள். அந்த வருடம் மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. அதைப் பார்த்துக் கூடிய கூட்டம், அந்தக் குடும்பத்து மூதாட்டியை அடித்தே கொன்றது. அவரும் தமிழ்தான் பேசினார். வதந்தி பிடித்த கூட்டம் எதிரில் நிற்பவரிடம் மொழி கேட்பதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வடக்கே வீடியோக்கள் பறந்தன. சம்பந்தமில்லாத வேறு சம்பவங்களின் படங்களுக்குப் பொய்த் தலைப்புக் கொடுத்திருந்தார்கள். அது ஹோலிப் பண்டிகை நேரம். ஊருக்குப் போக ரயில் நிலையத்தில் கூடிய கூட்டத்தையே "தப்பி ஓடுகிறார்கள்" என்று காட்டினார்கள். பீகார் அரசுக் குழு ஒன்று திருப்பூர் வரை வந்து பார்த்துவிட்டுப் போனது. உங்கள் தெருவில் தங்கியிருக்கும் பையன்களின் அம்மாக்கள் அந்த நாட்களில் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் கப்பலேறிக் கொண்டுவிற்க (வெளிநாட்டில் தொழில் செய்ய)ப் போன காலத்தில், கடிதம் வரும்வரை நம் ஆச்சிமார் இருந்த இருப்பும் அதுதான்.

வதந்தியை அடக்க முதல் ஒரு மணி நேரம்தான் கணக்கு. வீடியோ வந்தவுடன் சங்கத்தில் இரண்டு பேர், வந்தவர்களில் தமிழ் தெரிந்த ஒருவர், இந்த மூவரும் பேசிக்கொள்ள வேண்டும். எந்த ஊர், எந்தத் தேதி, யார் வீட்டுப் பிள்ளை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயர் வராத செய்தியில் பெரும்பாலும் பொருள் இருக்காது. கடைப் பலகையின் எழுத்து, வண்டியின் எண் பலகை, உடுத்தியிருக்கும் சீருடை மூன்றையும் பாருங்கள், பாதி வீடியோ அங்கேயே மாட்டிக்கொள்ளும். காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, அவசரமென்றால் 112-ஐ அழைத்துவிட்டு, குழுவில் ஒரே செய்தி போடுங்கள். நேரம், நீங்கள் பார்த்தது, யாரிடம் உறுதி செய்தீர்கள் என்பது மட்டும் இருக்கட்டும். "இது பொய்" என்று சொல்வதற்காகக்கூட அந்த வீடியோவைத் திரும்ப அனுப்பாதீர்கள். பார்த்தவர் கண்ணில் படம்தான் நிற்கும், கீழே எழுதிய மறுப்பு நிற்காது. இனப் பகையைத் தூண்டும் பதிவுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 196-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. இதைக் குழுவின் விதியாக முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லது, பிரச்சினை வந்த அன்று சொன்னால் மிரட்டலாகப் படும்.

சமபந்தி விருந்து. உங்கள் மனசு தெரிகிறது, ஆனால் இதை முதலில் செய்யாதீர்கள். 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 11 வயதுச் சிறுவர்கள் 22 பேரை இரண்டு அணியாகப் பிரித்து உளவியல் ஆய்வாளர்கள் முகாம் நடத்தினார்கள். போட்டி வைத்ததும் பகை வளர்ந்தது. பகை தீர ஒன்றாகச் சாப்பிட வைத்தார்கள், படம் காட்டினார்கள். சாப்பாட்டையே ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டார்கள்! பிறகு முகாமுக்குத் தண்ணீர் நின்றுபோனபோதும், சாப்பாடு கொண்டுவரும் லாரி கிளம்பாமல் எல்லாரும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தபோதும்தான் மனம் மாறியது. ஒருமுறையில் மாறவில்லை, இப்படிப் பல வேலைகள் சேர்ந்து செய்த பிறகே மாறியது. சந்திப்பு மட்டும் போதாது. இரு தரப்புக்கும் தேவையான ஒரு வேலை, தனித்தனியாக முடியாத வேலை, அதில் சமமான இடம், இதற்குப் பெரியவர்களின் வெளிப்படையான ஆதரவு, இவை கூட வேண்டும். விருந்தில் நீங்கள் பரிமாறுவீர்கள், அவர்கள் உண்பார்கள். அங்கே சமம் இல்லை.

செட்டிநாட்டில் அந்த வேலை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஊருணி வரத்துக்கால் தூர்வாரும் வேலை. ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு முதல் ஒன்பது வரை. ஒரு குழுவுக்குப் பத்துப் பேர், அதில் பாதி உள்ளூர், பாதி வந்தவர்கள். அவர்களைத் தனிக் குழுவாக நிறுத்திவிட்டால் "கூலி இல்லாத வேலைக்கு ஆள் பிடித்தார்கள்" என்றுதான் ஆகும். உங்கள் சங்க நிர்வாகிகள் கையில் மண்வெட்டி இருக்க வேண்டும். முடிந்தபின் அங்கேயே இட்லி சாப்பிடுங்கள். உங்கள் சமபந்திக்கு இடம் அதுதான்.

நிரந்தரமாகத் தேவைப்படுவது ஒரு சிறு குழு. மும்பைக்கு அருகே பிவண்டி நெசவு நகரத்தில் 1970-லும் 1984-லும் பயங்கரமான இந்து-முஸ்லிம் கலவரங்கள் நடந்தன. 1988-ல் அங்கே காவல் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோபடே, பேட்டைக்குப் பேட்டை இரு சமூகத்தாரும் காவலரும் சேர்ந்த குழுக்களை அமைத்து, கலவரம் இல்லாத நாட்களில் தொடர்ந்து கூட வைத்தார். பேசியது குழாய்த் தண்ணீர், சாக்கடை, பக்கத்து வீட்டுத் தகராறு. 1992-93-ல் மும்பை எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. வதந்தி வந்த இரவில் யாருக்கு போன் செய்வது, யார் சொன்னால் நம்புவது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

உங்கள் ஊருக்கு ஒன்பது பத்துப் பேர் போதும். ஊர்க் கொத்தனார் ஒருவர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் வருத்தம் அவருக்குத்தான். வீடு விட்டவர், மளிகைக் கடைக்காரர், மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து இரண்டு பேர், வந்தவர்களில் மாநிலத்துக்கு ஒருவர், காவல் நிலையத்திலிருந்து ஒருவர். மாதம் ஒருமுறை, முக்கால் மணி நேரம். "அமைதிக் குழு" என்று பெயர் வைக்காதீர்கள், சண்டை வந்தால் மட்டும் கூடுவது என்று ஆகிவிடும். குப்பை, தண்ணீர், வாடகை, கூலி பாக்கி இவற்றையே பேசுங்கள். மொழிபெயர்க்க அவர்கள் வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். நன்றாகத் தமிழ் பேசும், உண்மைதான்; ஆனால் பெரியவர்களின் கோபத்தை வாயில் சுமக்கும் வயது அது இல்லை.

வீடு விடக் கூடாது என்பவர்களின் குறையைக் கேட்டுப் பாருங்கள். ஓர் அறையில் எட்டுப் பேர், ஒரே கழிப்பறை, ராத்திரி பத்து மணிக்கு மேல் போனில் சத்தம், வாசலில் குப்பை. இவை இனத்தின் குணம் இல்லை, நெரிசலின் விளைவு. வாடகைச் சீட்டில் ஓர் அறைக்கு இத்தனை பேர் என்று எழுதினால் தீரும். அதை எழுத மனமில்லாமல் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பவர் சிலர் நம்மவர்களாகவே இருப்பார்கள், அவர்களிடம் பேசுவதுதான் கடினம். வீட்டை மறுத்தால் அவர்கள் ஊரை விட்டுப் போக மாட்டார்கள். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகைக்குப் போவார்கள். கண் மறைந்த இடத்தைப் பற்றித்தான் வதந்தி செழிக்கும்.

திருவிழாவையும் சொல்லிவிடுகிறேன். கூலியைப் பங்கிடலாம், மரியாதையைப் பங்கிடுவது கடினம். தேவகோட்டைப் பக்கம் கண்டதேவித் தேர், வடம் பிடிக்கும் உரிமைத் தகராறில் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்று, 2024-ல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே ஓடியது. ஒரே மொழி பேசி, ஒரே சாமி கும்பிடுகிறவர்களுக்குள் நடந்தது அது. உங்கள் ஊர்ப் பீகார்ப் பிள்ளைகள் ஒரு வருடம் இல்லாவிட்டால் மறு வருடம் சட் பூஜைக்கு நீர்க்கரை கேட்பார்கள். தீபாவளி அமாவாசைக்கு ஆறாம் நாள் மாலை சூரியன் சாயும்போதும், மறுநாள் விடியும்போதும் தண்ணீரில் நின்று கும்பிடுவார்கள். நமக்கு அது கந்த சஷ்டி. பெரும்பாலும் சூரசம்ஹாரத்தன்றேதான் வரும், குன்றக்குடிக் கூட்டத்துக்குக் காவலர்கள் போயிருப்பார்கள். குடிநீர் ஊருணியில் கால் வைக்கக் கூடாது என்ற நம் கட்டுப்பாடு அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இறங்கினால் அன்றே தகராறு. ஆகவே ஒரு மாதம் முன்பே, குளிக்கிற ஊருணியோ கண்மாய்த் துறையோ ஒன்றைக் காட்டி, நேரம், ஒலிபெருக்கி, மறுநாள் கரையைச் சுத்தம் செய்வது யார் என்று ஒரு தாளில் எழுதி இரு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். குடிநீர் ஊருணியில் நம்மவர்களும் இறங்குவதில்லை என்று சேர்த்துச் சொல்லுங்கள், தடை தமக்கு மட்டும் என்று அவர்களுக்குத் தோன்றாது.

மகளுக்கு என்ன சொல்வது? ஐயாவைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். அவருக்கு நடந்தது அநியாயம். 1948 நில தேசியமயச் சட்டத்தில் நிலம் போனது, 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு மிச்சமிருந்த கடைகளும் போயின, உரிய ஈடு கிடைக்கவில்லை. அதைச் சொல்லும்போதே அந்தக் கால்வாசி வயலின் கணக்கையும் சொல்லுங்கள். வீட்டுப் பெட்டகத்தில் பழைய கணக்கேடு, கடன் சீட்டு ஏதாவது இருந்தால் மகளோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். தமிழ் எழுத்தில் பர்மியப் பெயர்கள் இருக்கும். "பர்மாக்காரன்" என்று நீங்கள் ஒரே ஆளாகக் கேட்டு வளர்ந்தவர்கள், அங்கே தனித்தனிப் பெயரோடு, தனித்தனிக் கடனோடு இருப்பார்கள். 1942-ல் நடந்து வந்த வழியில் சோறு போட்டவர், தண்ணீர் கொடுத்தவர் யாராவது உண்டா என்று உங்கள் அத்தைமார் யாரும் இருந்தால் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது.

கொத்தனாரைப் பார்க்க இந்த வாரமே போங்கள். ஒப்பந்தக்காரரை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். அதற்கு முன் ஆதார் நகல் யாராவது குழுவில் போட்டிருந்தால், அதை எல்லாருக்குமாக நீக்கச் சொல்லுங்கள்.